நாற்காலியில் இருப்பது நீங்களா?

கைகுலுக்கும்போது உள்ளங்கை வியர்க்காமல் இருக்க என்ன செய்யலாம்? எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருந்தால், இரண்டு புருவங்களுக்கும் நடுவே பார்த்துச் சமாளிக்கலாமா? அவர் முன்னால் சாய்ந்தால் நாமும் சாய வேண்டுமா? ‘உங்கள் பலவீனம் என்ன?’ என்று கேட்டால், எந்தப் பலத்தைப் பலவீனம் மாதிரி வேஷம் கட்டிச் சொல்வது?

இத்தனைக்கும் இன்று பதில் கிடைக்கிறது. பிளாட்பாரப் புத்தகக் கடையில் கிடைக்கிறது. யூ-டியூபில் இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரியில் கடைசி வருடம் வந்தால் போதும், பிளேஸ்மென்ட் டிரெய்னிங் என்ற பெயரில் டை கட்டிய ஒருவர் வந்து இரண்டு நாள் மனோதத்துவம் சொல்லித் தந்துவிட்டுப் போகிறார்.

‘இதெல்லாம் வேலை செய்யுமா சார்?’ என்பதுதான் எனக்கு வழக்கமாக வரும் கேள்வி. பி.காம். கடைசி வருடம் படிக்கும் ஒரு வாசகர் மட்டும் வேறு மாதிரி கேட்டு எழுதியிருக்கிறார். ‘இதையெல்லாம் கத்துக்கிட்டுப் போய் உட்கார்றது ஏமாத்துறது இல்லையா? அவங்க வேலைக்கு எடுக்கப்போறது என்னையா, எனக்கு டிரெய்னிங் கொடுத்த சாரையா?’

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி இல்லை இது. ஒருவர் வேலைக்குப் போகும் வயதில் இப்படிக் கேட்கிறார் என்றால், அவருக்கு ஒழுங்கான பதில் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் சரக்கைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். இன்டர்வியூ மனோதத்துவம் என்று சந்தையில் விற்பதெல்லாம் மனோதத்துவம் இல்லை. பாதி கைவைத்தியம்.

உதாரணம் வேண்டுமா? இன்டர்வியூவுக்கு முன்னால் பாத்ரூமுக்குப் போய், இடுப்பில் கைவைத்து, காலை அகட்டி, சூப்பர்மேன் மாதிரி இரண்டு நிமிடம் நில்லுங்கள், தைரியம் தரும் ஹார்மோன் உடம்பில் கூடும், பதற்றம் தரும் ஹார்மோன் குறையும் என்று சொன்னார்கள். ஏமி கட்டி என்ற பேராசிரியை, டேனா கார்னி, ஆண்டி யாப் ஆகியோருடன் சேர்ந்து 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. 42 பேரை வைத்துச் செய்தது. 2012-ல் டெட் மேடையில் அவர் இதைப் பற்றிப் பேச, உலகமே பாத்ரூமில் சூப்பர்மேன் ஆனது. 2015-ல் வேறொரு குழு 200 பேரை வைத்து அதே சோதனையைச் செய்தது. நின்றவர்களுக்குக் கொஞ்சம் கெத்தாக இருந்த மாதிரி தோன்றியது உண்மை. ஹார்மோன் அசையவில்லை. 2016-ல் டேனா கார்னியே, ‘இந்த விளைவு உண்மை என்று நான் நம்பவில்லை’ என்கிற பொருளில் பகிரங்கமாக எழுதிவிட்டார். நம்மூர் டிரெய்னர்கள் பலருக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. இப்போதும் மாணவர்களை நிற்கவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதே சமயம் உருப்படியான சரக்கும் இருக்கிறது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார். மேடையில் பேசப்போகிறவர், கணக்குப் பரீட்சை எழுதப்போகிறவர், மைக் பிடித்துப் பாடப்போகிறவர்... எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும். அந்த நேரத்தில் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். காரணம் எளிது. படபடப்பை அமுக்குவது கஷ்டம். அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம். பயத்திலும் நெஞ்சு அடிக்கும், திருவிழாவுக்குக் கிளம்பும்போதும் அடிக்கும். உடம்புக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

இன்னொன்று, பழைய சோதனை. சாலமன் ஆஷ் என்ற மனோதத்துவ நிபுணர் 1946-ல் செய்தது. ஒரு ஆளைப் பற்றி ஆறு வார்த்தைகள் சொன்னார். புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆறு வார்த்தைகளைக் கடைசியிலிருந்து முன்னாலே சொன்னார். முதல் கூட்டத்துக்கு, சில குறைகள் இருந்தாலும் திறமைசாலி என்று தோன்றியது. இரண்டாவது கூட்டத்துக்கு, ஏதோ கோளாறான ஆசாமியாகத் தெரிந்தார். ஆள் ஒன்று, வார்த்தைகள் ஒன்று, வரிசை மட்டும் வேறு!

கவனியுங்கள். இதில் பொய் எங்கே இருக்கிறது? ஆறும் உண்மை. எதை முதலில் சொல்கிறோம் என்பது மட்டும் நம் கையில். நம் வாசகருடைய சங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. உண்மையை வரிசை மாற்றி அடுக்குவது ஏமாற்றா?

அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஏனென்றால், நம் வாசகர் ஒன்றை மனதுக்குள் வைத்துக்கொண்டு கேட்கிறார். இன்டர்வியூ என்பது ஒரு தராசு, தட்டில் நாம் கட்டைவிரலை வைத்து அழுத்தக் கூடாது என்று. நியாயமான எண்ணம். ஆனால், அது தராசுதானா?

எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1920-ல் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மதிப்பெண் போட்டிருந்தார்கள். உடல்வாகுக்குத் தனியாக, புத்திக்குத் தனியாக, தலைமைப் பண்புக்குத் தனியாக, குணத்துக்குத் தனியாக. பார்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஆள் வாட்டசாட்டமாக இருந்தால் புத்தியும் அதிகம், குணமும் தங்கம்! இதற்கு அவர் ஒளிவட்ட விளைவு என்று பெயர் வைத்தார். சாமி படத்தில் தலைக்குப் பின்னால் போடுவார்களே, அந்த வட்டம். ஒரு நல்ல அம்சம் கண்ணில் பட்டுவிட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் அதன் வெளிச்சம் விழுந்துவிடுகிறது.

1979-ல் அமெரிக்காவில், ஹூஸ்டனிலுள்ள டெக்ஸாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தற்செயலாக ஒரு சோதனை நடந்தது. 800 பேரை இன்டர்வியூ செய்து, வரிசைப்படுத்தி, மேலே இருந்தவர்களிலிருந்து 150 பேரைச் சேர்த்தார்கள். அதற்கப்புறம், இன்னும் 50 பேரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மாநில சட்டமன்றத்திலிருந்து உத்தரவு வந்தது. அதற்குள் நல்ல ரேங்க் வாங்கியவர்கள் எல்லாம் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள், 700-க்குக் கீழே தள்ளப்பட்டவர்கள். வேறு வழியில்லாமல் அவர்களிலிருந்து 50 பேரை எடுத்தார்கள். பிறகு இரண்டு கூட்டமும் எப்படிப் படித்தது என்று கணக்கெடுத்தால்... வித்தியாசமே இல்லை. படிப்பிலும் இல்லை, நோயாளிகளைப் பார்ப்பதிலும் இல்லை, டாக்டராகி வெளியே போன முதல் வருடத்திலும் இல்லை.

அந்த இன்டர்வியூ எதை அளந்தது? இன்டர்வியூவில் யார் நன்றாக உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அளந்தது. அவ்வளவுதான்.

ஆக, தராசு ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. எந்தப் பக்கம்?

நம் வீடுகளில் பிள்ளை வளர்க்கிற விதத்தை யோசித்துப் பாருங்கள். ‘பெரியவங்க பேசும்போது என்ன மொறைச்சுப் பார்க்கிறே?’, ‘கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு’, ‘உன் பெருமையை நீயே பீத்திக்காதே’, ‘கால் மேல கால் போடாதே’. இருபது வருடம் இப்படிச் சொல்லி வளர்க்கிறோம். இருபத்தோராவது வருடம் அந்தப் பிள்ளையை ஒரு ஏ.சி. அறைக்குள் அனுப்புகிறோம். அங்கே மூன்று பெரியவர்கள். அவர்கள் கண்ணைப் பார்த்து, தன்னைப் பற்றித் தானே இரண்டு நிமிடம் பெருமையாகப் பேச வேண்டும். அந்தப் பையன் தலையைக் குனிந்து, சன்னமான குரலில், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான். வீட்டில் அதற்குப் பெயர் மரியாதை. அந்த அறையில் அதற்குப் பெயர் ‘கான்ஃபிடன்ஸ் இல்லை’.

அடுத்து உள்ளே வரும் பையனுக்கு அப்பா பெரிய அதிகாரி. வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்குக் கைகொடுத்துப் பழகியவன். சாப்பாட்டு மேஜையில் அப்பாவோடு வாதம் செய்து வளர்ந்தவன். எதிரே இருக்கும் மூன்று பேரும் அவனுக்கு அப்பாவின் நண்பர்கள் மாதிரி தெரிகிறார்கள். சரளமாகப் பேசுகிறான்.

இவனும் மனோதத்துவப் பயிற்சி எடுத்தவன்தான் சார். இருபது வருடக் கோர்ஸ், ஃபீஸ் கிடையாது. இவன் செய்வதை ‘இயல்பு’ என்கிறோம். முதல் பையன் இரண்டு மாதம் கண்ணாடி முன்னால் நின்று அதையே பழகினால் ‘நடிப்பு’ என்கிறோம். இது என்ன நியாயம்?

அதனால் வாசகருக்கு என் பதிலின் முதல் பாதி இது. தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். வெட்கப்படவே வேண்டாம். உங்களிடம் இருக்கும் சரக்கு வெளியே தெரியாதபடி பயமும் பழக்கமும் மறைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தத் திரையை விலக்குவதற்கு எந்த உத்தி உதவினாலும் அது நேர்மையான உத்தியே. பரீட்சைக்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போவதை யாராவது காப்பியடிப்பது என்று சொல்வார்களா?

சரி, இரண்டாம் பாதி?

ஜூலியா லெவாஷினா, மைக்கேல் கேம்பியன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் வேலை தேடும் கல்லூரி மாணவர்களிடம், இன்டர்வியூவில் எப்படி எப்படியெல்லாம் பூசி மெழுகினீர்கள் என்று கேட்டார்கள். 90 சதவிகிதத்துக்கு மேல் ஏதாவது ஒரு விதத்தில் பூசியிருந்தார்கள். அப்பட்டமான பொய்க்கு நெருக்கமாகப் போனவர்கள் அதைவிடக் குறைவு. பூச்சு என்பது ஒரே நிறம் இல்லை, லேசான ரோஸ் பவுடரிலிருந்து முழு அரிதாரம் வரை இருக்கிறது என்பதுதான் அதில் எனக்குப் பட்ட முக்கியமான விஷயம்.

எங்கே கோடு போடுவது? நான் படித்தது காமர்ஸ். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

பேலன்ஸ் ஷீட் போடும்போது ‘விண்டோ டிரெஸ்ஸிங்’ என்று ஒன்று சொல்லித் தருவார்கள். ஜவுளிக்கடைக்காரர் நல்ல புடவையை வாசலில் மாட்டுவது மாதிரி, கணக்கை அழகாகக் காட்டுவது. மார்ச் 31-க்குள் வரவேண்டிய பாக்கியைத் துரத்தி வசூலித்துவிட்டால், அன்றைய தேதிக்குக் கையிருப்பு நன்றாகத் தெரியும். அது உண்மையான பணம், உண்மையான வசூல். தப்பில்லை. ஏப்ரல் முதல் வாரம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று ஒருவரிடம் கைமாற்று வாங்கி, அதையும் கையிருப்பு மாதிரி காட்டினால் நெருடல் ஆரம்பிக்கும். இல்லவே இல்லாத பணத்தை இருப்பதாக எழுதினால் அது மோசடி. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனர் ராமலிங்க ராஜு, 2009 ஜனவரி 7-ம் தேதி எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டாரே, அந்த ரகம்.

ஆடிட்டர் கையெழுத்துப் போடும்போது, இந்தக் கணக்கு நிறுவனத்தின் நிலைமையை உண்மையாகவும் நியாயமாகவும் காட்டுகிறது என்று எழுதுவார். இரண்டு வார்த்தைகளையும் பாருங்கள். உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. நியாயமாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணும் சரியாக இருந்து, மொத்தத்தில் படிப்பவருக்குத் தப்பான எண்ணம் வந்தால், அந்தக் கணக்கு தேறாது.

இன்டர்வியூவில் நீங்கள் கொடுப்பதும் ஒரு பேலன்ஸ் ஷீட்தான். கல்லூரி விழாவுக்கு எட்டுப் பேர் சேர்ந்து ஸ்பான்சர் பிடித்தீர்கள். அதில் நீங்கள் செய்தது கணக்கு எழுதியது. ‘நாங்கள் ஸ்பான்சர் பிடித்தோம், நான் வரவு செலவைப் பார்த்தேன், கடைசியில் ஒரு ரூபாய் இடிக்காமல் ஒப்படைத்தேன்’ என்று சொல்லுங்கள். அது அழகாகவும் இருக்கிறது, நிஜமாகவும் இருக்கிறது. ‘நான்தான் ஸ்பான்சர் பிடித்தேன்’ என்றால் அது கைமாற்றுப் பணம். விழாவே நடக்கவில்லை என்றால்... சத்யம்!

இன்னும் சுலபமான ஒரு சோதனை சொல்கிறேன். நீங்கள் பயன்படுத்திய உத்தி எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன நினைப்பார்?

‘இந்தப் பையன் வருவதற்கு முன்னால் இருபது தடவை பேசிப் பழகியிருக்கிறான்’ என்று தெரிந்தால் சந்தோஷப்படுவார். வெளியே உட்கார்ந்து ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று முணுமுணுத்தது தெரிந்தால் புன்னகைப்பார். தன் நல்ல அம்சத்தை முதலில் சொல்லும்படி பதிலை அடுக்கிவைத்தது தெரிந்தால், ‘விவரமானவன்’ என்பார். ஆஷ் கேள்விக்கு இதுவே என் பதில். குறைகளைக் கேட்டால் மறைக்காமல் சொல்லத் தயாராக இருக்கும்வரை, வரிசை உங்கள் உரிமை.

ஆனால், அவர் அறையில் தொங்கும் கிரிக்கெட் படத்தைப் பார்த்துவிட்டு, கிரிக்கெட்டே பிடிக்காத நீங்கள் ‘எனக்கும் உயிர் சார்’ என்று சொன்னது தெரிந்தால்? முகம் சுளிப்பார். நண்பனின் புராஜெக்ட்டை உங்களுடையது என்று சொன்னது தெரிந்தால்? ஆன்லைன் இன்டர்வியூவில் கேமராவுக்குப் பின்னால் இன்னொரு திரையை வைத்து, ஏ.ஐ. எழுதித் தந்ததை வாசித்தது தெரிந்தால்? எழுந்து போகச் சொல்வார்.

எதைத் தெரிந்தால் அவர் தலையாட்டுவாரோ அது தயாரிப்பு. எது தெரியாமல் இருந்தால்தான் பலிக்குமோ அது ஏமாற்று. பெரிய தத்துவப் புத்தகம் எதுவும் தேவையில்லை, இந்த ஒரு கேள்வி போதும்.

இங்கே ஒருவர் கை தூக்குவது எனக்குத் தெரிகிறது. ‘சார், கம்பெனி மட்டும் யோக்கியமா? குடும்பம் மாதிரி பார்த்துக்கிறோம்னு சொல்றாங்க. சேர்ந்த பிறகு ராத்திரி பத்து மணிக்கு மீட்டிங் போடறாங்க. அவங்க பூசலாம், நாங்க பூசக் கூடாதா?’

நியாயமான கோபம். ஆனால், உங்கள் பொய்யால் யாருக்கு நஷ்டம் என்று கணக்குப் பாருங்கள். கம்பெனிக்கா? கம்பெனி பிழைத்துக்கொள்ளும். அதற்கு புரொபேஷன் காலம் இருக்கிறது, சான்றிதழ் சரிபார்க்க ஏஜென்சி இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். ஒத்துவராவிட்டால் அனுப்பிவிட்டு வேறு ஆள் எடுத்துக்கொள்ளும்.

வெளியே, மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவரைப் பற்றி யோசித்தீர்களா?

அவரும் பஸ் பிடித்து வந்தவர். அவரும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தவர். கேட்ட கேள்விக்கு ‘அந்த வேலையை நான் செய்ததில்லை, கற்றுக்கொள்வேன்’ என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறார். நீங்கள் செய்ததாகச் சொன்னீர்கள். இருப்பது ஒரு இடம். உங்களுக்குக் கிடைத்தது. அவருக்கு ஒரு வாரம் கழித்து, ‘உங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி’ என்று மெயில் போகும். தனக்கு என்ன நடந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. யாரிடமும் புகார் சொல்ல முடியாது. வீட்டில், ‘நமக்கு இன்டர்வியூ வராதும்மா’ என்று சொல்லிக்கொள்வார். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவார்.

கம்பெனி உங்களிடம் பொய் சொன்னது என்பதற்காக இவரிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. இவர் உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

‘எனக்குக் கல்விக் கடன் சார், மாசம் பிறந்தா தவணை கட்டணும். வயிறு நிறைஞ்சவங்க நேர்மை பேசலாம்...’ இதுவும் காதில் விழுகிறது. இதற்கு மட்டும் என்னால் கறாராகப் பதில் சொல்ல முடியவில்லை. பசியில் சொன்ன பொய்யையும் கொழுப்பில் சொன்ன பொய்யையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வராது. ஆனால், ஒன்று மட்டும் சொல்வேன். வெளியே இருப்பவருக்கும் கல்விக் கடன் இருக்கலாம். அவர் அம்மாவும் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். யாருடைய கஷ்டம் பெரியது என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நீங்களே உட்கார்ந்துகொள்ள முடியாது. ஏனென்றால், உங்களுக்கு உங்கள் கஷ்டம் மட்டும்தான் தெரியும்.

பொய்க்கு இன்னொரு செலவும் உண்டு. பேலன்ஸ் ஷீட்டில் கைமாற்று வாங்கியவருக்கு ஏப்ரல் மாதம் வந்தே தீரும். தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லி உள்ளே போனவருக்கு, முதல் நாளே ஏப்ரல் மாதம். மற்றவர்கள் சந்தேகம் கேட்டுக் கற்றுக்கொள்வார்கள். இவரால் கேட்க முடியாது. கேட்டால் குட்டு உடைந்துவிடும். பக்கத்து சீட்டுக்காரர் திரையைத் திருட்டுத்தனமாகப் பார்த்து, ராத்திரி விழித்து, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து... புதுசாக வந்தவர் என்ற ஒரே சலுகையை, அதாவது ‘தெரியாது’ என்று சொல்லும் சலுகையை, அவரே விற்றுவிட்டார்.

சரி, எல்லாப் பாரத்தையும் வேலை தேடுகிறவர் தலையிலேயே ஏற்றுவதும் நியாயமில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்களுக்கும் மனோதத்துவம் ஒரு பாடம் வைத்திருக்கிறது.

டேனியல் கானமன் என்று ஒருவர். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2002-ல் வாங்கிய மனோதத்துவக்காரர், 2024-ல் காலமானார். 1950-களில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தபோது, இஸ்ரேல் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூவைச் சரிசெய்யும் வேலை அவரிடம் வந்தது. ‘ஆளைப் பார்த்தால் தெரியாதா?’ என்பதுதான் அதுவரை முறை. அவர் அதை மாற்றினார். ஆறு குணங்களைப் பட்டியல் போட்டார். ஒவ்வொன்றுக்கும் நடந்ததைப் பற்றிய கேள்விகள்: எத்தனை வேலை பார்த்தாய், நேரத்துக்குப் போனாயா, எவ்வளவு அடிக்கடி நண்பர்களைப் பார்க்கிறாய் என்பது மாதிரி. ஒரு குணத்துக்கு மதிப்பெண் போட்டு முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். இது முன்பிருந்த முறையைவிட நன்றாகப் பலித்தது. அதற்குப் பிறகு வந்த ஆராய்ச்சிகளும் இதைத்தான் சொல்கின்றன. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, தனித்தனியாக மதிப்பெண் போடும் இன்டர்வியூ, வாய்க்கு வந்ததைக் கேட்கும் இன்டர்வியூவைவிட நம்பகமானது.

மத்திய அரசு 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து, குரூப் ‘சி’ வேலைகளுக்கும் கெசட்டட் அல்லாத குரூப் ‘பி’ வேலைகளுக்கும் இன்டர்வியூவையே எடுத்துவிட்டது. குரூப் ‘டி’-யும் அதில் அடக்கம். ஐ.ஏ.எஸ். தேர்வில் இன்டர்வியூ இருக்கிறது. ஆனால், மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் அதற்கு 275 மட்டும். ஐந்து பேர் அரை மணி நேரம் பார்த்துச் சொல்வதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதற்கு அது ஒரு கணக்கு.

உங்கள் கடைக்குக் கணக்கர் எடுக்கிறீர்களா? ‘உன்னைப் பற்றிச் சொல்லு’ என்று கேட்காதீர்கள். ஒரு நாள் வவுச்சர்களைக் கையில் கொடுத்து, ‘இதை டேலி பண்ணிக் காட்டுப்பா’ என்று சொல்லுங்கள். தலையைக் குனிந்துகொண்டிருக்கும் பையன் தலையைக் குனிந்தபடியே சரியாக முடித்துக் கொடுப்பான். அந்த வேலைக்கு அதுதான் தேவை. வள்ளுவரும், ஆளை ஆராய்ந்து தேர்ந்தெடுப்பதற்கு ஒரு அதிகாரம் வைத்துவிட்டு, வேலையைக் கொடுத்து நடத்துவதற்கு அதை அடுத்து இன்னொரு அதிகாரம் வைத்திருக்கிறார். பார்த்ததோடு முடியவில்லை விஷயம்.

வேலை தேடுகிறவர்கள் நாளைக்கே செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன்.

இதுவரை நீங்கள் நிஜமாகச் செய்ததில் ஐந்து சம்பவங்களை எழுதிக்கொள்ளுங்கள். பெரிய சாதனை வேண்டாம். அக்கா கல்யாணத்தில் பந்தி கவனித்ததுகூட இருக்கலாம். ஒவ்வொன்றையும் நாலு வரியில்: நிலைமை என்ன, என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், என்ன ஆனது. உங்கள் பங்கை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். கூட்டவும் வேண்டாம், நம் ஊர்ப் பழக்கத்தில் குறைக்கவும் வேண்டாம். குறைப்பதும் தப்பான கணக்கே. பிறகு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மாமாவை எதிரே உட்காரவைத்து, அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். மாமாவைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் மானேஜரைப் பார்த்தும் சொல்ல முடியும்.

பலவீனம் கேட்டால், ‘எதையும் பர்ஃபெக்ட்டாகச் செய்யாமல் விடமாட்டேன், அதுதான் பலவீனம்’ என்ற பதிலைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குப் புளித்துப்போயிருக்கிறது. ‘இங்கிலீஷில் கடிதம் எழுத எனக்கு மற்றவர்களைவிட நேரம் அதிகமாகிறது. மூணு மாசமா தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகறேன்’ என்று சொல்லுங்கள். நிஜமாகப் பழகிக்கொண்டிருந்தால் மட்டும்!

தெரியாத கேள்வி வந்தால், ‘இது எனக்குத் தெரியாது சார்’ என்று நிமிர்ந்து, தெளிவான குரலில் சொல்லுங்கள். மனோதத்துவத்தை அங்கே பயன்படுத்துங்கள். பயந்து சொன்னால் அது தோல்வி மாதிரி கேட்கும். நிதானமாகச் சொன்னால் தகவல் மாதிரி கேட்கும். உண்மையைச் சொல்லவும் பயிற்சி தேவை.

இவ்வளவும் செய்த பிறகும் வேலை கிடைக்காமல் போகலாம். உங்களுக்கு முன்னால் போனவர் பொய் சொல்லிக்கூடத் தட்டிக்கொண்டு போயிருக்கலாம். அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால், கிடைத்தால் அந்த ஆர்டரில் இருப்பது உங்கள் பெயர் மட்டுமல்ல, நீங்களும்தான். அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவைக்க வேண்டியிருக்காது.